நியூஹாமின் அறுபது இருக்கைகள்

2023 ஜூலையில் கிழக்கு லண்டனின் நியூஹாம் பரோவில் (பரோ என்பது தனிக் கவுன்சில் உள்ள உள்ளாட்சிப் பகுதி), போலின் வார்டில் இடைத்தேர்தல் நடந்தது. லேபர் கட்சி தோற்று, சுயேச்சை ஒருவர் கவுன்சிலரானார். அந்த வாரம் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இங்கே லேபர் தோற்பதே இல்லை, வாக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று நான் இத்தனை காலம் போகாமலே இருந்துவிட்டேன். இப்போது எப்படித் தோற்றார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 2010, 2014, 2018 என்று மூன்று தேர்தல்களில் அறுபதுக்கு அறுபது இருக்கைகளையும் லேபர் வென்றது என்ற ஒரே கணக்குதான் நானும் அறிந்திருந்தேன். அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கினேன். 1964 முதல் நடந்த ஒவ்வொரு கவுன்சில் தேர்தலுக்கும் ஒரு பக்கம் என்று எழுதி முடிப்பது என் திட்டம். வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்து எழுத எட்டு மாதங்கள் பிடித்தன. ஹாரோ, பிரெண்ட், மெர்ட்டன், ரெட்பிரிட்ஜ் என்று லண்டனின் மற்ற பரோக்களில் இருக்கும் நம்மவர்கள் யாராவது இதே வேலையில் இறங்கினால், நான் தடுக்கி விழுந்த இடங்கள் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அண்மைக்காலத் தேர்தல்கள் எளிது. முடிவுகள் வார்டு வாரியாக இணையத்திலேயே கிடைக்கின்றன. பழையவற்றுக்கு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். உள்ளூர் செய்தித்தாள்களின் நுண்படச் சுருள்கள், கவுன்சில் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், எல்லா பரோக்களுக்கும் மேலே முழு லண்டனுக்கும் பொதுவாக இருந்த லண்டன் பெருநகரக் கவுன்சில் வெளியிட்ட முடிவுத் தொகுப்புகள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் என் கதிதான்.

லண்டன் பரோக்களுக்கு முதல் தேர்தல் 1964 மே மாதம். மூன்று ஆண்டுப் பதவிக்காலம் என்று படித்திருந்ததால், அடுத்தது 1967 என்று நானே முடிவுகட்டினேன். 1967 ஏப்ரல் செய்தித்தாள் சுருளைப் போட்டுப் பார்த்தால் நியூஹாம் என்ற தலைப்பின்கீழ் முடிவுகளும் இருந்தன. மகிழ்ச்சியோடு நோட்டில் ஏற்றினேன். ஒரு பரோவுக்கு இத்தனை குறைவான பெயர்களா என்ற ஐயம் இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. நான் எழுதியது லண்டன் பெருநகரக் கவுன்சிலுக்கு நடந்த தேர்தலின் முடிவு! இரண்டு தேர்தல்களும் ஒரே ஆண்டில் வரக்கூடாது என்பதற்காகப் பரோ தேர்தலை 1968க்குத் தள்ளிவைத்திருந்தார்கள். பிறகு 1971, 1974, 1978. அதிலிருந்துதான் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு நிலைத்தது. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

அடுத்த சிக்கல் கூட்டல். வார்டுகளைக் கூட்டினால் அறுபது இருக்கைகள். அதே ஆண்டின் கூட்டக் குறிப்பில் உறுப்பினர்களை எண்ணினால் எழுபது பேர். மூன்று முறை விரல் வைத்து எண்ணினேன். அந்தப் பத்துப் பேரும் ஆல்டர்மன்கள். மக்கள் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. கவுன்சிலர்களே கூடி அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு கவுன்சிலருக்கு ஓர் ஆல்டர்மன் என்பது அளவு. லண்டன் பரோக்களில் 1978 வரை இந்த முறை இருந்தது. எனவே அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவையில் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்க்க, தேர்தல் முடிவு மட்டும் போதாது. நோட்டில் அதற்கென்று தனிப் பத்தி போட வேண்டியிருந்தது.

வார்டு எல்லைகளும் 1978, 2002, 2022 என்று மாறிக்கொண்டே வந்தன. பெயர் அதே பெயராக இருக்கும், தெருக்கள் வேறாக இருக்கும். எல்லை மாறிய ஆண்டுகளுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, கோட்டுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் உள்ள வார்டுகளை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது 1964க்கு முந்தைய பகுதி. நியூஹாம் என்ற பெயரே 1965இல் ஈஸ்ட் ஹாம், வெஸ்ட் ஹாம் என்ற இரண்டு கவுண்டி பரோக்களைச் சேர்த்தபோது பிறந்ததுதான். தேம்ஸ் ஆற்றுக்கு இந்தப்பக்கம் இருந்தும் நிர்வாகத்தில் அக்கரை வூல்விச்சோடு சேர்ந்திருந்த நார்த் வூல்விச்சும் அப்போது இதில் சேர்ந்தது. இதில் வெஸ்ட் ஹாமின் கதை பெரியது. கப்பல்துறைகளும் ஆலைகளும் நிறைந்த ஊர் அது. அதை அடுத்த பெக்டன் எரிவாயு ஆலையில் வேலைபார்த்த வில் தோர்ன், 1889இல் தொழிலாளர்களைத் திரட்டி எட்டு மணிநேர வேலையை வென்றெடுத்தார். பிறகு வெஸ்ட் ஹாம் கவுன்சிலிலும் உட்கார்ந்தார், 1906இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். பின்னாளில் லேபர் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான கீர் ஹார்டி 1892இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானது வெஸ்ட் ஹாம் தெற்கிலிருந்துதான். 1898இல் வெஸ்ட் ஹாம் கவுன்சிலில் தொழிலாளர் அணி பெரும்பான்மை பெற்றது. பிரிட்டனிலேயே அப்படி அமைந்த முதல் கவுன்சில் அது. லேபர் கட்சி என்ற அமைப்பு உருவாவதற்கே இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்த ஆட்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஆனாலும் இந்த மண்ணில் லேபருக்கு வேர் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் 60க்கு 60 என்பதைப் பேசக்கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு வாக்குக் கணக்கு. 2010ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு வார்டின் வேட்பாளர்கள் எல்லோருடைய வாக்குகளையும் கூட்டி, வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தேன். வாக்குப்பதிவு நூறு விழுக்காட்டைத் தாண்டியது. காரணம், ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். நான் எண்ணியது வாக்காளர்களை அல்ல, சிலுவைக் குறிகளை. கட்சிகளின் பலத்தை ஒப்பிட, ஒவ்வொரு கட்சியிலும் அதிக வாக்கு வாங்கிய ஒரே வேட்பாளரை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம் என்று பிறகு கற்றுக்கொண்டேன். மூன்று மாதக் கணக்கு வீண். முதலிலிருந்து போட்டேன்.

2018 மே மாதம் நான் முதன்முறையாக இங்கே வாக்களித்தபோதே இதைக் கவனித்திருக்க வேண்டும். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு, இங்கே வசிக்கும் அனுமதி இருந்தால், வாக்குரிமை உண்டு. அப்போது நான் இந்தியக் கடவுச்சீட்டோடுதான் இருந்தேன். கையில் இரண்டு தாள்கள் கொடுத்தார்கள். மேயர் தாளில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு பத்திகள். கவுன்சிலர் தாளில் குடும்பப் பெயரின் அகரவரிசையில் நீளமாகப் பெயர்கள். மறைப்புத் தட்டியில் நூலால் கட்டித் தொங்கவிட்ட பென்சில். திருச்சியில் இயந்திரத்தின் பொத்தானை அழுத்திப் பழகிய விரலுக்கு அந்தக் குட்டைப் பென்சில் புதிதாக இருந்தது. மூன்று பேருக்குக் குறியிடலாம் என்று தாளின் தலைப்பில் எழுதியிருந்தும், நான் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தேன். அது செல்லும். மீதி இரண்டு வாக்குகளை நான் பயன்படுத்தவில்லை என்பதுதான் பொருள்.

வாக்கு எண்ணும் பணிக்குப் போய்வந்த தோழி ஒருத்தியிடம், மூன்று வாக்குத் தாளை எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டேன். மூன்று குறியும் ஒரே கட்சிக்கு விழுந்த தாள்களை முதலில் பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கிவிடுவார்கள். கட்சி மாற்றிக் கலந்து போட்ட தாள்கள்தான் கடினம். ஓரத்தில் பசையுள்ள பெரிய அட்டையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, குறிகள் இருக்கும் ஓரம் மட்டும் தெரியும்படி ஒட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு வேட்பாளருக்கும் குறுக்கே பார்வையை ஓட்டி எண்ணலாம். அந்த அட்டையைப் புல் பாவாடை என்று அழைப்பார்களாம். இதைக் கேட்ட பிறகு நோட்டில் ஒரே கட்சியின் மூன்று பேருக்கும் வாக்கு ஏன் வேறுபடுகிறது என்பது விளங்கியது. அகரவரிசையில் மேலே இருப்பவருக்குச் சற்றுக் கூடுதலாக விழுவது லண்டன் பரோ தேர்தல்களில் பலரும் கண்ட விஷயம். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக்கொள்ளும் நம்மவர்களுக்கு, தாளில் இடத்தை முடிவுசெய்வது அப்பாவின் பெயர்.

நோட்டை முடித்த அன்று பெரியவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மூன்று வாக்கு என்றதும் அவர் கேட்டார்: "எங்கள் விருப்பு வாக்கு மாதிரியா?" நல்ல கேள்வி. இலங்கை நாடாளுமன்றத் தேர்தலிலும் மூன்று விருப்பு வாக்குகள் உண்டு. ஆனால் அங்கே முதலில் கட்சிக்கு விழுந்த வாக்கின் விகிதத்தில் இருக்கைகள் பங்கிடப்படுகின்றன; விருப்பு வாக்கு கட்சிக்குள் யார் என்பதை மட்டும் முடிவுசெய்கிறது. இங்கே பங்கீடே இல்லை. வார்டில் அதிக வாக்கு பெற்ற மூவர் வென்றவர்கள். ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் மூன்றையும் அந்தக் கட்சிக்கே போட்டால், மற்ற எல்லாக் கட்சிகளையும்விடச் சற்று முன்னால் இருந்தாலே மூன்று இருக்கைகளும் அதற்குத்தான்.

2006ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். மேயர் தேர்தலில் லேபரின் ராபின் வேல்ஸ் முதல் சுற்றில் பாதி வாக்கைத் தாண்டவில்லை, இரண்டாம் விருப்பங்களையும் எண்ண வேண்டியிருந்தது. அதே நாளில் கவுன்சிலில் லேபருக்கு 60இல் 54. மீதி ஆறில் கேனிங் டவுன் தெற்கில் கிறிஸ்தவ மக்கள் கூட்டணிக்கு மூன்று, கிரீன் ஸ்ட்ரீட் மேற்கில் ரெஸ்பெக்ட் கட்சிக்கு மூன்று. அவர்களும் மூன்று மூன்றாகத்தான் வென்றார்கள். ஒரு வார்டைப் பிடித்தால் முழுதாகப் பிடிக்கும் முறை அது. 2010இல் கவுன்சில் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. கூட்டம் கூடுதலாக வந்தது, பெரிய கட்சியின் அலை அடித்தது, அந்த ஆறும் போயின. 2014இல் மேயருக்கு லேபர் பெற்றது ஏறக்குறைய 61 விழுக்காடு, கவுன்சிலிலோ நூற்றுக்கு நூறு. வேறு கட்சிகளுக்கு வாக்களித்தவர்கள் நியூஹாமை விட்டு எங்கும் போய்விடவில்லை. அவைக்குள் அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை, அவ்வளவுதான். எதிர்க்கட்சியே இல்லாத அவையில் வரவுசெலவுத் திட்டத்தை யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. எந்தக் கட்சிக்கு அப்படிக் கிடைத்தாலும் இதையேதான் சொல்வேன்.

2022இல் 24 வார்டுகள், 66 இருக்கைகள். லேபருக்கு 64. இரண்டே இருக்கைகள் கொண்ட புதிய ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பார்க் வார்டில் அந்த இரண்டும் கிரீன் கட்சிக்கு. அடுத்த ஆண்டு போலின், பிறகு நவம்பரில் பிளைஸ்டோ வடக்கு என்று இரண்டு இடைத்தேர்தல்களிலும் லேபர் அல்லாதவர்கள் வந்தார்கள். இடைத்தேர்தலில் ஒரே இருக்கை, ஒரே வாக்கு. "மூன்று மூன்றாக அள்ளிக்கொண்டு போக முடியாது. ஐயா, போலினில் அந்த முறை தெருவுக்குத் தெரு பேசி வாக்குக் கேட்டவரால் வெல்ல முடிந்தது" என்றேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 2006ஆம் பக்கத்தில் அந்த ஆறு இருக்கைகளின்மேல் விரலை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நியூஹாமுக்கு வந்து முப்பது ஆண்டுகளாகியும் ஒருமுறைகூட வாக்குச்சாவடிக்குப் போனதில்லை என்றார். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இப்போது புகைப்பட அடையாளமும் கேட்கிறார்களாமே, கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டதே என்று கவலைப்பட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து பஸ்ஸுக்குக் காட்டும் மூத்தோர் ஃப்ரீடம் பாஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது போதுமா தம்பி?"

"போதும், ஐயா."