ஒரு போர்வையில் எத்தனை குல்லா?

ஊட்டி காந்தலுக்கு வாக்கப்பட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. திருப்பூர் வெயிலில் வளர்ந்த உடம்பு, இந்தக் குளிருக்கு இன்னும் மசியவில்லை. மார்கழியில் விடிகாலை ஸ்கூட்டர் சீட்டைத் தொட்டால் உறைபனி உப்பு மாதிரி நறநறவென்று விரலில் ஒட்டும்.

பையன் வருஷத்துக்கு ரெண்டு குல்லாவாவது தொலைப்பான். போன டிசம்பரில் மூன்றாவதும் போன அன்று, "இனிமேல் கடைக் குல்லா கிடையாது, நானே தைக்கிறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அப்பா பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டர். அந்தத் திமிர்தான்.

துணியிலேயே கோட்டை விட்டேன். குளிருக்கு ஏற்ற மெத்தென்ற ஃப்ளீஸ் துணி எடுக்கலாம் என்று நினைத்தேன். திருப்பூரில் ஃப்ளீஸ் என்றால் பெரும்பாலும் பருத்திதான். வெளியே வழவழப்பு, உள்ளே பஞ்சு கிளப்பிவிட்டிருக்கும். தம்பி காதர்பேட்டையில் ரெண்டு கிலோ எடுத்து அனுப்பினான். தைத்ததும் பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் பனிமூட்டத்தில் ஒரு தடவை போய்வந்தால் நனைந்துவிடும், சாயங்காலம் வரை காயாது. ஈரக் குல்லாவுக்கு வெறுந்தலையே தேவலை.

இந்த ஊருக்கு வேண்டியது பாலியஸ்டரில் வரும் போலார் ஃப்ளீஸ். அந்த நூல் தண்ணீர் குடிக்காது, நாலு உதறு உதறினால் போதும். மீட்டர் கணக்கில் கேட்டு நாலைந்து கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தால், கைக்கு அடியில் இருந்ததே அதுதான். ஃப்ளீஸ் போர்வை! 60க்கு 90 அங்குலம், ஒற்றைக் கட்டிலுக்கானது. எடு கத்தரியை.

இந்தத் துணியை வெட்டினால் ஓரம் பிரியாது. மடித்துத் தைக்கிற வேலையே இல்லை, பாதி நேரம் மிச்சம். ஆனால் இழுவை பார்க்க வேண்டும். அகலவாக்கில் நன்றாக நீளும், நீளவாக்கில் அவ்வளவு நீளாது. நான் அவசரத்தில் திருப்பி வெட்டியதால் முதல் குல்லா பையன் நெற்றியோடு நின்றுவிட்டது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"இழுத்துப் பாக்காமயா கத்தரி வெச்ச, அம்மணி?"

"தையல் வேற விட்டு விட்டு விழுதுங்கப்பா."

"ஊசி முனை உருண்டையா இருக்கோணும் கண்ணு. கூர் ஊசி கண்ணியக் குத்திப்போடும். பால்பாயின்ட் ஊசி, பதினாலாம் நம்பர் வாங்கு."

வாங்கினேன். தையல் நீளத்தையும் கூட்டி, துணியை லேசாக இழுத்துப் பிடித்து ஓட்டினேன். அப்படி ஓட்டினால்தான் தலையில் மாட்டும்போது நூல் பட்டென்று அறாது. பையன் தலைச்சுற்று 21 அங்குலம். அதற்கு 20 அங்குல அகலம், 13 அங்குல உயரத்தில் ஒரு துண்டு. பக்கத்தை மூட்டினால் குழாய். மேலே மூன்று அங்குலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, அடியில் நூலால் இறுக்கிக் கட்டினால் உச்சியில் குஞ்சம். கீழே ரெண்டு அங்குலம் மடித்துவிட்டால் காதுக்கு ரெட்டை அடுக்கு. அரை மணி நேர வேலை.

இந்தப் போலார் ஃப்ளீஸ் 1979 வாக்கில் அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்ற ஆலையில் உருவானது. 1995 டிசம்பரில் அந்த ஆலை தீப்பிடித்து எரிந்தபோது, வேலையில்லாமல் நின்ற தொழிலாளிகளுக்கு முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டீன் மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்தாராம். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நெசமாவா?" என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டு அந்த முதலாளி பேரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

ஃப்ளீஸுக்கு ஒரு குறை, காற்று உள்ளே புகுந்துவிடும். ஸ்கூட்டரில் போகிற வீட்டுக்காரருக்குக் கழுத்துப்பட்டி தைத்தபோது, முன்பக்கம் மட்டும் ரெண்டு அடுக்குக்கு நடுவே கிழிந்த குடைத்துணியை வைத்தேன். குடைத்துணி நீளாது, சுற்றிலும் வைத்தால் தலை நுழையாது. கையுறை பையனுக்கு மட்டும். நாலு விரலும் ஒன்றாகப் போகிற பை மாதிரியான உறையோடு, பிரேக் பிடிக்க வேண்டிய வீட்டுக்காரரை அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. பென்சில் பிடிக்க முடியவில்லை என்று பையன் ஒரே நாளில் நுனியைக் கத்தரித்துவிட்டான். ஓரம்தான் பிரியாதே, அதனால் திட்டவும் வழியில்லை.

ஒரு போர்வையில் நாலு குல்லா, மூன்று கழுத்துப்பட்டி, ஒரு ஜோடி கையுறை, அத்தைக்குக் காலுறை எல்லாம் ஆயிற்று. இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும். நெருப்பும் அப்படித்தான். அத்தை கணப்புச் சட்டிப் பக்கம் குனிந்தபோது பொறி தெறித்து, குல்லாவில் மிளகு அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் பிளாஸ்டிக் போல இறுகிவிட்டது. கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ சட்டையைக் கிழித்த குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்தார்கள். மிஞ்சிய துண்டில் அஞ்சு இதழ் பூ ஒன்று வெட்டி ஓட்டையின் மேல் வைத்துத் தைத்தேன்.

கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள்.

"இந்தக் காதுப் பக்கமும் ஒண்ணு வெச்சிடும்மா" என்றார்கள்.