வளவில் கல்யாணம்: 60 பேர், ஒரே பந்தி

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் ஏறி நேரே நடந்தால், கட்டு கட்டாக, அதாவது வீட்டின் பகுதி பகுதியாகக் கடந்து அடுத்த தெருவில் போய் இறங்கலாம். கல்யாணம், சாந்தி, படைப்பு எல்லாம் வீட்டோடு நடக்கட்டும் என்றுதான் நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இவ்வளவு நீளமாகக் கட்டினார்கள். ஊரே பந்தி பந்தியாகச் சாப்பிட்டுப் போன வீட்டில் இன்று 60 பேருக்கு மேல் வேண்டாம் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் இடிப்பது இடம் இல்லை, படுக்கை. அந்தக் காலத்தில் வந்த சனம் திண்ணையிலும் பட்டாலை என்கிற கூடத்திலும் பாய் விரித்துப் படுத்தது, கிணற்றடியில் குளித்தது. வளவை, அதாவது நடு முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த பகுதியைச் சுற்றியுள்ள அறைகள் பாத்திரமும் சீரும் பூட்டி வைக்கத்தான். இப்போது வருகிற பெரியப்பாவுக்குக் கட்டில் வேண்டும், ஏசி வேண்டும், அறையோடு ஒட்டிய குளியலறை வேண்டும்.

அதனால் தலைக்கணக்கை அறையிலிருந்து தொடங்குங்கள். விடுதியாக மாற்றிய வீட்டில் 15 அறை கிடைத்தால் 30 பேர். மிச்சப் பேருக்குக் காரைக்குடி லாட்ஜ். கானாடுகாத்தானிலிருந்து 15 கிலோமீட்டர்தான். என்றாலும் விடிகாலை முகூர்த்தம் என்றால் அந்த அரை மணி நேரம் பெரிய அரை மணி நேரம். முகூர்த்தத்துக்கு இருந்தே ஆக வேண்டியவர்களுக்கு வீட்டுக்குள் அறை, மற்றவர்களுக்கு இரண்டு டெம்போ டிராவலர். பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்பே இந்தப் பிரிவினையை முடித்துவிட்டால் மனஸ்தாபம் பாதி குறையும்.

விடுதி வேண்டாம், குடும்ப வீடே வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். சாவி வைத்திருப்பவர் சரி என்றால் போதாது. பங்குதாரர் அத்தனை பேரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்தக் கட்டு நமக்கு, சாமி அறை திறப்பார்களா, அசைவம் சமைக்கலாமா, ஓமம் வளர்க்கலாமா, சேதத்துக்கு எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் அதே தாளில் இருக்கட்டும்.

தேதிக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, திறந்த முற்றத்தை நம்ப முடியாது. ஆடியும் மார்கழியும் கணக்கிலேயே இல்லை. பங்குனி பாதிக்கு மேல் பட்டு கட்டியவர்களைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். தை, மாசிதான் சுகம். ஆனால் தை முதல் வாரத்தைத் தொடாதீர்கள். தை 3 வாக்கில் சிராவயல் மஞ்சுவிரட்டு. மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக வரும் வண்டி அந்தக் கூட்டத்தில்தான் மாட்டும். பொங்கலை அடுத்து வரும் முதல் செவ்வாயில் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல், பிறகு தைப்பூசத்துக்குப் பழநிப் பாதயாத்திரை. வெளியூரில் இருக்கும் குடும்பங்கள் சொந்த ஊருக்கு வரும் நேரம் இது. வீடும் கிடைக்காது, நல்ல சமையல்காரரும் கிடைக்கமாட்டார்.

வீட்டைப் பார்க்கப் போவதென்றால் முகூர்த்த நேரத்திலேயே, முடிந்தால் அதே மாதத்தில் போங்கள். மாலையில் போய் அழகு பார்த்துவிட்டு வருபவர்கள்தான் பின்னால் தவிப்பார்கள். தை மாதம் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வளவுக்குள் இறங்கும். மணமக்களைக் கிழக்குப் பார்த்து மேற்குத் தாழ்வாரத்தில் உட்காரவைத்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். படம் முழுக்கச் சுருங்கிய முகம்தான். முற்றத்தின் கிழக்கு, தெற்கு ஓரங்களில் வெள்ளைக் காடாத் துணியை உயரக் கட்டினால் வெளிச்சம் பால் மாதிரி பரவும். மஞ்சள், சிவப்புத் துணி வேண்டாம், அந்தச் சாயம் முகத்தில் ஏறும்.

துணி கட்டுவதிலும் பக்குவம் வேண்டும். பர்மாத் தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது. தூணுக்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் பருத்திக் கயிறு. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். முட்டைவெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரை மறுபடி அப்படி இழைக்கிற கொத்தனார்கள் மிகச் சிலரே. பந்தல்கால் நட முற்றத்தைத் தோண்டவும் முடியாது. மணல் நிரப்பிய டிரம்மில் காலை நிறுத்தி, டிரம்முக்கு அடியில் சாக்கு போடுங்கள். இல்லாவிட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழும். அந்தக் கல் சூளையில் சுட்டது இல்லை, சிமெண்டில் சாயம் கலந்து கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்தது. ஆகவே சூடும் ஆகாது, அமிலமும் ஆகாது. ஓமகுண்டத்தை நேராகத் தரையில் வைத்தால் அந்த இடம் வெடிக்கும், நிறமும் மங்கும். அடியில் இரண்டு அடுக்கு செங்கல், அதன்மேல் இரும்புத் தட்டில் மூன்று அங்குல மணல், அதற்கு மேல் குண்டம். குண்டத்தைத் திறந்த முற்றத்திலேயே வையுங்கள். தாழ்வாரத்தில் வைத்தால் வண்ணம் தீட்டிய மேற்கூரையில் புகை படியும்.

முற்றத்து மூலையில் தண்ணீர் வெளியேறும் தாரை ஒன்று இருக்கும். அலங்காரக்காரர் உதிரிப்பூவைக் கூட்டித் தள்ளுவது நேராக அதில்தான். அப்புறம் ஒரு மழை போதும். தண்ணீர் தாழ்வாரம் வரை ஏறி நிற்கும். தாரை வாயில் ஒரு கம்பி வலையை வைத்துவிட்டால் கவலை இல்லை.

நாதஸ்வரத்தை வளவுக்குள் உட்காரவைக்காதீர்கள். கல்தரை, கல்தூண், பளபளக்கும் சுவர் எல்லாம் சேர்ந்து தவில் அடியைத் திருப்பி அடிக்கும், ஐயர் சொல்வது மணமகனுக்கே கேட்காது. முகப்புத் திண்ணைதான் அவர்களுக்கு இடம். கெட்டிமேளத்துக்குச் சைகை காட்ட நடைவாசலில் ஒரு பையனை நிறுத்தினால் போதும். மைக் வேண்டவே வேண்டாம்.

மின்சாரம் சொல்லாமல் கழுத்தறுக்கும். எட்டு ஒன்றரை டன் ஏசிக்குச் சுமார் 13 கிலோவாட், கிரைண்டரும் மோட்டாரும் 3, விளக்குக்கு 3. மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுவையையும் சேர்த்தால் 40 கேவிஏ ஜெனரேட்டருக்குக் குறைந்து எடுக்காதீர்கள். பழைய வீட்டு ஒயரிங்கில் கூடுதல் சுமை ஏற்றாமல் தனிக் கேபிள் இழுக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் நிற்க வேண்டியது பின்தெருவில்.

சாப்பாட்டில்தான் சின்னக் கல்யாணத்தின் அருமை தெரியும். ஆயிரம் பேருக்கு வெள்ளைப் பணியாரம் போட முடியாது, 60 பேருக்கு முடியும். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின் மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்து. சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் ஒரு கரண்டிப் பாலும் விட வேண்டும். கரண்டி மாவைக் காய்ந்த எண்ணெயின் நடுவில் ஊற்றினால் அடியில் போய், உப்பி, ஓரம் மடிந்து மேலே வரும். திருப்பிவிட்டு, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். பேரே வெள்ளைப் பணியாரம். முந்தின இரவே ஆட்டி வைத்தால் மாவு புளித்து எண்ணெய் குடிக்கும். ஆளுக்கு மூன்று என்றால் 180. டம்ளருக்கு 15 வரும், ஆக 12 டம்ளர் அரிசி. ஒரு சட்டியில் ஒன்றொன்றாகத்தான் விழும், ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் மூன்று மணி நேரம். அதனால் மூன்று அடுப்பு, மூன்று சிறு சட்டி, மூன்று ஆச்சிமார். தொட்டுக்க வரமிளகாய்த் துவையல்.

இனிப்புக்கான கருப்புக் கவுனி அரிசியை இரவே ஊறப்போடச் சொல்லி நினைவூட்டுங்கள். அரிசி குழைய வெந்த பிறகே சர்க்கரை. முன்னால் போட்டால் விறைத்துக்கொள்ளும். மதிய இலைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு கணக்கு. இலைக்கு இரண்டடி அகலம் வேண்டும். இரண்டாம் கட்டு 60 அடி நீளம் இருந்தால் 30 பேராக இரண்டு வரிசை, இல்லாவிட்டால் 15 பேராக நான்கு. எல்லாரும் தவறவிடுவது ஒன்று உண்டு: மேளக்காரர், ஓட்டுநர், படம் எடுப்பவர், பரிமாறுபவர் என்று இன்னொரு 25 பேர் சாப்பிட வேண்டும். சமையல்காரரிடம் 60 இலை என்று சொல்லாதீர்கள், 85 என்று சொல்லுங்கள்.

பூவுக்கு மதுரை மாட்டுத்தாவணி. தை, மாசிப் பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை எகிறும். தலைக்கு மட்டும் மல்லிகை, மண்டபத்துக்குச் சம்பங்கியும் தாமரையும் போதும். இந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அழகு அவ்வளவு. பிளாஸ்டிக் பூவும் தெர்மாகோல் வளைவும் கொண்டுவந்து மறைப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. நல்ல மாக்கோலம், இரண்டு வாழைமரம், வரிசையாகப் பித்தளை விளக்கு. விளக்குக்கு அடியில் தாம்பாளம் வையுங்கள், எண்ணெய்க் கறை கல்லை விட்டுப் போகாது.

தாம்பூலத்துக்குப் பை வேண்டாம், கொட்டான் என்கிற பனையோலைக் கூடை கொடுக்கலாம். கையால் முடைவது, அவசரத்துக்கு வராது. மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். புடவை எடுத்துக் கொடுப்பவர்களுக்கு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி இருக்கிறது.

சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் பிற்பகல் கிளம்பி இரவு காரைக்குடி வந்துவிடும். விமானத்தில் வருபவர்களுக்குத் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம். கானாடுகாத்தானுக்குத் திருச்சி கொஞ்சம் பக்கம், வழியில் திருமயம் கோட்டையும் பார்த்துக்கொள்ளலாம். திருமணப் பதிவுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. பத்திரிகையில் வீட்டின் கதவு எண், தெரு, ஊர் முழுதாக இருக்கட்டும், வெறும் விலாஸ் பெயர் மட்டும் போட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி வரும்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை வரை வீடு நம் கையில் இருக்கும்படி பேசுங்கள். வேலைக்காரர்கள் ஆசிட் பாட்டிலைத் திறக்கும் முன் தடுத்து, வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரம் காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தரம் இழுக்கச் சொல்லுங்கள். மணல் டிரம் நின்ற நான்கு இடத்தையும் ஓமம் வளர்த்த இடத்தையும், முன்னால் எடுத்து வைத்த படங்களோடு ஒப்பிட்டு வீட்டுக்காரரோடு நடந்து பார்த்துவிட்டு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.