இறக்கை கேட்டவர்களும் வைக்கோல் கட்டியவர்களும்

போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் கணினி விளையாட்டு உருவாக்கும் வேலைக்குச் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம் இறக்கைகளைக் கழற்றியதுதான். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுச்சென்ற போலந்துப் படைப் பட்டியலில், முதல் வரியிலேயே இறக்கை கட்டிய குதிரைவீரர்கள் நின்றார்கள். எங்கள் வியூக விளையாட்டோ 1466-இல் முடிகிறது. அந்த வீரர்களுக்கான ஹுஸார் என்ற பெயர் போலந்துப் படைக் கணக்கில் ஏறியதே 1500-ஐ ஒட்டித்தான். அப்போதும் அவர்கள் செர்பியாவிலிருந்து கூலிக்கு வந்த இலகுவான குதிரைக்காரர்கள். இரும்பு மார்புக்கவசமும் முதுகுக்குப் பின்னே இறகு வரிசையுமாக அவர்கள் உருமாறியது, 1576-இல் முடிசூடிய ஸ்தெஃபான் பாத்தோரியின் காலத்திலும் அதற்குப் பிறகும். அவர்களை உலகம் வியந்து பேச வைத்த வியன்னாப் போர் 1683-இல் நடந்தது. எங்கள் கதை முடிந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டிருந்தது.

பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை தயாரிப்பு மேலாளர் என் மேசைக்கு வந்தார். "இறக்கை இல்லாவிட்டால் இது போலந்து என்று எப்படித் தெரியும்?" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் அடுத்த ஒன்றரை ஆண்டு போராடினேன்.

அதற்கு முன் சென்னையில் சீட்டாட்டச் செயலிகளைச் சோதிப்பவனாக இருந்தேன். படிப்பும் வரலாறு இல்லை. அதனால் எண்களிலிருந்து தொடங்கினேன். எண் என்றால் எனக்குப் பயமில்லை. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலந்தின் முதல் வரலாற்றை லத்தீனில் எழுதியவர், பெயர் தெரியாததால் காலுஸ் அனோனிமுஸ் என்று அழைக்கப்படுகிறார். முதல் மன்னர் போலெஸ்வாவின் படைபலத்தை அவர் ஊர்வாரியாகச் சொல்கிறார்: போஸ்னானிலிருந்து கவசம் அணிந்தவர்கள் 1,300, கேடயக்காரர்கள் 4,000, கினியெஸ்னோவிலிருந்து 1,500, 5,000, வொத்ஸ்வாவெக்கிலிருந்து 800, 2,000, சிறிய கோட்டையான கியெட்சிலிருந்து 300, 2,000. கூட்டினால் 16,900. புதையல் கிடைத்ததுபோல அப்படியே தரவில் ஏற்றினேன். அடுத்த சோதனை ஆட்டத்தில் போலந்து பதினைந்தே நிமிடத்தில் பொஹீமியாவை விழுங்கி, கீயெவையும் பிடித்துவிட்டு, ரைன் நதியை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

காலுஸ் எழுதியபோது போலெஸ்வா இறந்து ஏறக்குறைய நூறாண்டு ஆகியிருந்தது. தன்னை ஆதரித்த கோமகனின் முன்னோரைப் புகழ்வதும் அவர் வேலையில் சேர்த்தி. பரணி பாடியவர் எண்ணிய யானைத் தலைகளை யாராவது படைக் கணக்கில் சேர்ப்பார்களா? நான் சேர்த்திருந்தேன். பிறகு, 10-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்து நாடுகளைப் பற்றி எழுதிய பயணி இப்ராஹிம் இப்ன் யாகூப் சொல்லும் 3,000 கவசவீரர்களைப் பிடித்துக்கொண்டேன். அந்த எண்ணைவிட, அதைச் சுற்றி அவர் சொல்லும் செய்திதான் எனக்குப் பயன்பட்டது. போலெஸ்வாவின் தந்தையான கோமகன் மியெஷ்கோ அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார். குதிரையும் உடையும் ஆயுதமும் கொடுத்தார். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கும் படி அளந்தார். படை என்றால் முதலில் யார் சோறு போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

விளையாட்டின் உச்சக் காட்சி 1410 ஜூலை 15, கிருன்வால்ட். ஒரு பக்கம் போலந்து மன்னர் யாகியெவோவும் லிதுவேனியப் பெருங்கோமகன் வீதாவ்தாஸும். எதிரே பிரஷ்யாவை ஆண்ட டியூட்டானிக் படைத்துறவியர், ஜெர்மானியர்கள். இரண்டு தரப்புக்கும் மாதிரி உருவங்களை வரைந்து முடித்த எங்கள் ஓவியர், போலந்துக்காரர், திரையை என் பக்கம் திருப்பினார். "இதில் எது எங்கள் ஆள், சொல்லுங்கள் பார்க்கலாம்."

சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் அதே கூம்புத் தலைக்கவசம், கழுத்தை மூடி விழும் அதே சங்கிலி வலை, துணிக்கடியில் தகடு தைத்த அதே மேலாடை. எதிரியின் வெள்ளை மேலங்கியும் கறுப்புச் சிலுவையும் இருக்கின்றனவே என்றேன். அது துறவு பூண்ட சகோதரர்களுக்கு மட்டும் என்றார். அந்தப் பக்கம் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் கூலிப்படையினரும், விருந்தினராக வந்த மாவீரர்களும், பிரஷ்ய நிலக்கிழார்களும். போலந்து மாவீரன் ஐரோப்பாவின் மற்ற மாவீரர்களைப்போலவேதான் இருந்தான். வளைந்த வாள்கூட அவன் கைக்கு வந்தது பிற்காலத்தில்.

பிறகு அவரே யான் துவுகோஷின் ஆண்டுக்குறிப்புகளிலிருந்து ஒரு வரியைக் காட்டினார். 15-ஆம் நூற்றாண்டின் அந்த வரலாற்றாசிரியரின் தந்தையே கிருன்வால்டில் சண்டையிட்டவர். போருக்கு முன் மன்னர் தன் வீரர்களை வைக்கோல் புரி கட்டிக்கொள்ளச் சொன்னாராம், ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள. அடையாளச் சொற்களாக 'கிராக்கோவ்', 'வில்னியுஸ்' இரண்டையும் கொடுத்தாராம். வாளோங்கிய புழுதிக்குள் தன் ஆளா மாற்றானா என்று தெரியாமல் ஊர்ப்பெயரைக் கத்தியிருக்கிறார்கள்! மேலாளரின் கேள்விக்கு 1410-லேயே பதில் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றியது. போலந்து என்று எப்படித் தெரியும்? வைக்கோலால் தெரியும்.

ஓவியர் அன்று மாலையே புரியை வரைந்தார். முதல் முயற்சியில் பளபளவென்று மஞ்சள் நாடாபோல வந்தது. நான் நெல்வயல் ஓரம் வளர்ந்தவன். "வைக்கோல் இப்படி மினுக்காது, முறுக்கும்போது நுனிகள் பிதுங்கும், பழசானால் சாம்பல் பூக்கும்" என்றேன். காகிதத்தை நீளமாகக் கிழித்து முறுக்கியும் காட்டினேன். அவர்களுடையது கோதுமையோ ரை தானியமோ, என்ன வித்தியாசம்? அந்தத் திட்டத்தில் என் பிறந்த ஊர் அறிவு பயன்பட்ட ஒரே இடம் அது.

உருவத்தில் இல்லாத வேறுபாடு அமைப்பில் இருந்தது. போலந்துப் படையின் அலகுக்குப் பெயரே 'ஹொரோங்கியெவ்', அதாவது கொடி. ஒரு கொடியின்கீழ் வருகிறவர்கள் ஒரு படைப்பிரிவு. சில கொடிகள் வட்டாரத்துக்கு உரியவை. சில ஒரே குலச்சின்னம் தாங்கிய பங்காளிக் கூட்டத்துக்கு உரியவை. சில மன்னரின் அரண்மனைக்கு உரியவை. துவுகோஷ் கணக்கில் போலந்துப் பக்கம் ஐம்பது கொடிகள், லிதுவேனியப் பக்கம் நாற்பது. கொடிக்குள்ளே 'கோப்பியா', அதாவது ஈட்டி: முழுக்கவசம் அணிந்த ஒரு மாவீரன், அவனோடு குறுக்குவில் ஏந்திய குதிரைக்காரர்கள் இருவர் போல. எங்கள் நிரலிலோ ஒரு பிரிவு என்றால் அச்சில் வார்த்த அறுபது ஒரே மாதிரி ஆட்கள். கலந்து நிற்கும் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது நிரலாளர் பெருமூச்சு விட்டார். ஆறு வாரம் கழித்துச் செய்தும் கொடுத்தார்.

கொடி விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தோம். கிருன்வால்டில் வெள்ளைக் கழுகு பொறித்த கிராக்கோவ் பெருங்கொடி ஒரு கட்டத்தில் சாய்ந்தது. எதிரிகள் வென்றுவிட்டதாக எண்ணிப் பாடவே தொடங்கினார்கள். போலந்து வீரர்கள் பாய்ந்து அதை மீட்டார்கள். எங்கள் விளையாட்டில் அந்தக் கொடி சாய்ந்தால் மொத்தப் படையின் மன உறுதியும் சரியும், முப்பது நொடிக்குள் மீட்டால் முன்னைவிடக் கூடும். சோதனை செய்தவர்கள் எல்லாருக்கும் பிடித்தது அதுதான்.

யாருக்கும் பிடிக்காமல் போனதை நான்தான் வடிவமைத்தேன்.

போலந்தில் பொதுத் திரட்டு என்ற கடமை உண்டு. நிலம் வைத்திருப்பவன் மன்னர் அழைத்தால் குதிரையோடு வர வேண்டும். நாட்டைக் காக்க என்றால் தன் செலவில். எல்லை தாண்டி அழைத்தால் மன்னர் பணம் தர வேண்டும். கிருன்வால்டில் வென்ற படை ஜூலை இறுதியில் படைத்துறவியரின் தலைமையிடமான மால்போர்க் கோட்டையை முற்றுகையிட்டு, செப்டம்பர் 19 அன்று வெறுங்கையோடு திரும்பியது. எதிரித் தளபதி ஹைன்ரிஷ் ஃபான் பிளாவன் முந்திக்கொண்டு கோட்டைக்குள் புகுந்துவிட்டார் என்பது ஒரு காரணம். நாள் செல்லச் செல்ல முற்றுகையிட்டவர்களுக்கு நோயும் வீட்டு நினைவும் வந்தது இன்னொன்று. 1454-இல் அதே எதிரியோடு மறுபடி போர் வந்தபோது இன்னும் மோசம். களத்துக்கு வந்த நிலக்கிழார்கள் எங்களுக்கு இன்னின்ன உரிமை கொடு, அப்புறம் சண்டை என்றார்கள். மன்னர் நான்காம் காசிமிர் கொடுத்தார். செப்டம்பர் 18 அன்று ஹொய்நீத்ஸேவில் அதே படை சிதறி ஓடியது; மன்னர் பிடிபடாமல் தப்பியதே பெரிது. அந்த ஆண்டு முடிவதற்குள், வட்டார மன்றங்களின் ஒப்புதல் இல்லாமல் திரட்டுக்கு அழைப்பதில்லை என்றும் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இதை அப்படியே விதியாக்கினேன். படையை அழைக்கும் பொத்தானை அழுத்தினால் படை வராது. ஒரு கடிதம் வரும். ஒப்புக்கொண்டால் வரி குறையும், படை கூடும். மறுத்தால் பாதிப் பேர் வழியிலேயே திரும்புவார்கள். முற்றுகை எட்டு வாரம் தாண்டினால் கொடிகள் ஒவ்வொன்றாக வரைபடத்திலிருந்து மறையும். சோதனை அறிக்கைகள் வந்தன. "நான் மன்னனா, குமாஸ்தாவா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் அந்த நாட்டின் வரலாறு என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். கடைசியில் கடிதம் ஆட்டத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் நிகழ்வாகச் சுருங்கியது. கொடிகள் மறைவது அடியோடு நீக்கப்பட்டது. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. மற்ற நாடுகளுக்கு வைத்த அதே கயிறுதான் இப்போது போலந்துப் படையையும் இழுக்கிறது.

அந்த நாட்களில் மதிய உணவு இடைவேளையில் மாத்தேய்கோ சதுக்கம் வரை நடப்பேன். அங்கே கிருன்வால்ட் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஐந்நூறாம் ஆண்டு நினைவாக 1910-இல் எழுப்பியது. 1939-இல் நாஜிகள் இடித்தார்கள். 1976-இல் மறுபடி கட்டினார்கள். உச்சியில் குதிரைமேல் யாகியெவோ, முன்னால் நிற்கும் வீதாவ்தாஸ், அவர் காலடியில் மாண்டு கிடக்கும் எதிரித் தலைவர் உல்ரிஷ் ஃபான் யுங்கிங்கன். ஒருவருக்கும் இறக்கை இல்லை. அங்கே இறக்கை புறாக்களுக்கு மட்டும்தான்.

விளையாட்டு வெளியானது. விளம்பரப் பிரிவு எங்களைக் கேட்காமலேயே முகப்புப் படத்தில் ஓர் இறக்கைக் குதிரைவீரனை வைத்துவிட்டது. எதிர்ப்புக் கடிதங்கள் குவியும் என்று நானும் ஓவியரும் காத்திருந்தோம். முதல் வாரத்திலேயே ஒன்று வந்தது, நீளமாக, கோபமாக. டோப்ஜின் வட்டாரக் கொடியில் தலையில் கொம்பு முளைத்த கிழவர் ஒருவர் மகுடத்தோடு இருக்கிறாரே, கிறிஸ்தவப் படையின் கொடியில் பேயை வரைய உங்களுக்கு எப்படி மனம் வந்தது, கொஞ்சமாவது வரலாறு படித்துவிட்டு வேலை செய்யுங்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கொம்புக் கிழவர்தான் டோப்ஜின் வட்டாரத்தின் உண்மையான சின்னம். இறக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஓவியர் அந்தக் கடிதத்தை அச்சிட்டுத் தன் திரைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார்.