வைக்கோல் சுவரில் படித்த பாடம்: கம்பியாள் உதவியாளர் தேர்வு அனுபவம்

கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு முடிவு போன வாரம் வந்தது. தேறிவிட்டேன். இது இரண்டாவது முறை. முதல் முறை தவறியது தெரிந்த அன்று வீட்டுக்குப் போக மனமில்லாமல் காட்பாடி ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்து எழுதப்போகிற தம்பிகள் யாரும் அப்படி உட்காரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். விண்ணப்பம், ஐந்து வருட அனுபவச் சான்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராகச் செய்முறைக்கு வருகிறேன்.

முதல் முறை எனக்கு வந்தது மாடிப்படி வயரிங் (ஒரே விளக்கைக் கீழேயும் மேலேயும் இரண்டு சுவிட்சில் போட்டு அணைப்பது), பிவிசி பைப்பில். சர்க்யூட் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் தோற்றது பைப்பில். சூடு காட்டி வளைத்தபோது அவசரத்தில் சூடு கூடிவிட்டது. வெளியே பார்க்க வளைவு அழகாக இருந்தது, உள்பக்கம் சப்பிப் போயிருந்தது. அது தெரியாமல் சேடில் (பைப்பைப் பிடித்து நிறுத்தும் பட்டை) எல்லாம் அடித்துவிட்டுக் கம்பி இழுத்தேன். இரண்டு கம்பி போயிற்று, மூன்றாவது வளைவிலேயே நின்றுவிட்டது. கழற்றி மறுபடி வளைக்க நேரமில்லை.

அந்தக் கோடையில் ஆரணிப் பக்கம் ஒரு வேலை வந்தது. நிலத்துக்காரர் ஐயா ஒருவர் வைக்கோல் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். நம் வயல்களில் மெஷின் உருட்டிப் போடும் உருண்டைக் கட்டு இதற்கு ஆகாது, செவ்வகக் கட்டு வேண்டும். கட்டுப்போடும் மெஷின் வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மரம் கிடைக்காத நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பகுதியில் அமெரிக்கர்கள் தொடங்கிய முறை இது என்று ஐயா சொன்னார்.

செங்கல் சுவரைக் கொத்திப் பைப் புதைத்தே பழகியவன் நான். வைக்கோலில் ஆணி நிற்காது, சேடில் பிடிக்காது. ஒரு அடி நீளக் கட்டையைக் கூராகச் சீவிக் கட்டுக்குள் அடித்து இறக்கி, அதன் தலையில் ஸ்குரூ போட்டுத்தான் சுவிட்ச் பாக்ஸை நிறுத்தினோம். பூச்சு கனம் ஒன்றரை அங்குலம் என்றால் பாக்ஸ் அந்த ஒன்றரை அங்குலம் வெளியே துருத்தி நிற்க வேண்டும். படுக்கை பைப்பை இரண்டு வரிசைக் கட்டுக்கு நடுவில் விட்டோம். மேலிருந்து கீழே நெட்டாக வரும் பைப்புக்கு மட்டும் கட்டில் காடி (பள்ளம்) வெட்டினோம். நெல் வைக்கோலில் மணல் சத்து அதிகம், பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். வெளியிலிருந்து பைப் நுழையும் இடத்தையும் பாக்ஸைச் சுற்றிய இடைவெளியையும் களிமண் வைத்து அடைத்தோம். வைக்கோலுக்குள் ஈரம் போனால் சுவரே மக்கிவிடும்.

முக்கியமானது இதுதான்: உதிரி வைக்கோல் கிடக்கிற இடத்தில் தீ காட்ட முடியாது. அதனால் பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு, முழங்காலில் வைத்துச் சூடில்லாமல் வளைக்கக் கற்றேன். பூச்சுக்கு முன்னால் மேஸ்திரி வந்து நின்றார். "தம்பி, மண்ணு பூசிட்டா அப்புறம் உன் பைப் போன வழி எனக்கே தெரியாது. இப்பவே கம்பி விட்டுப் பாரு" என்றார். ஜிஐ கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) விட்டேன். ஓர் இடத்தில் முட்டியது. அன்றைக்கு மட்டும் அது பூச்சுக்குப் பிறகு தெரிந்திருந்தால், காய்ந்த மண்ணோடு கட்டையும் பிய்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை அந்தப் பழக்கத்தோடு போனேன். சேடில் அடிப்பதற்கு முன்னால், தரையில் வைத்தே ஒவ்வொரு பைப்பிலும் கம்பி விட்டுப் பார்த்தேன். மற்றவர்கள் பாதி முடித்திருந்தார்கள், நான் இன்னும் தரையில்தான். பரவாயில்லை. நேரம் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும், அதனால் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். என்னைப் போல் நிதானக்காரர்களுக்கு இது கட்டாயம் உதவும்.

கவனிக்க வேண்டியவை:

- பைப் அளவுக்குச் சரியான ஸ்பிரிங். 20 மி.மீ. ஸ்பிரிங்கை 25 மி.மீ. பைப்பில் விடாதீர்கள், சப்பிவிடும்.
- தேவைக்குக் கொஞ்சம் கூடவே வளையுங்கள், கையை எடுத்ததும் திரும்பி வரும்.
- மார்கழிக் காலையில் பைப் விறைத்திருக்கும். துணியால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றிய பிறகு வளையுங்கள்.
- வளைவின் ஆரம் 7.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது.
- பைப்புக்குள் ஜாயின்ட் கூடவே கூடாது, பாக்ஸில் மட்டும்.
- சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியில் (மின்சாரம் வரும் கம்பி) இருக்க வேண்டும். தெரியும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.
- வாய்மொழிக் கேள்விக்கு: இந்தியத் தர நிர்ணய எண்களில் வயரிங்குக்கு ஐஎஸ் 732, எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043. மெக்கர் (கம்பி உறையின் மின்தடையை அளக்கும் கருவி) ரீடிங் குறைந்தது எவ்வளவு என்று கேட்டால், 50 மெக் ஓமைப் பாயின்ட் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லும் கணக்கு.

வேலையைப் பார்க்க வந்த தேர்வாளர், "தீ காட்டாமலா வளைச்சீங்க?" என்று கேட்டார். வைக்கோல் வீட்டைச் சொன்னேன். அவர் ஒரு கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கம் பாக்ஸிலிருந்து கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. அதைத் திரும்ப உள்ளே தள்ளச் சொன்னார். தள்ளினேன், போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவர் வேலை செய்த பலகைக்குப் போனார்.