வெண்கலப் பாம்பும் வாழைத்தார் ஏலமும்

விக்கிரகம் என்றதும் நம்மில் பலருக்கு அடுத்த தெருக் கோயில்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் "விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்" என்று அப்போஸ்தலன் யோவான் எழுதியது விசுவாசிகளுக்கு. பவுலோ பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறார் (கொலோசெயர் 3:5).

எனக்குப் பயம் தருவது வனாந்தரத்தில் மோசே செய்த அந்த வெண்கலப் பாம்பு. கர்த்தரே செய்யச் சொன்னது, பாம்பு கடித்த ஜனங்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். அதற்கே பிற்பாடு தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா உடைத்துப் போட வேண்டியதாயிற்று. நம் டெல்டாவில் நிலமும் நெல்லும் சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளையும் அதே கர்த்தர் கொடுத்தவைதானே?

சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதைக் கவனியுங்கள். கொல்லையில் வெட்டிய வாழைத்தார், நன்றிக் காணிக்கையாக வந்தது. இரண்டு வீட்டார் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போக, முந்நூறு ரூபாய்த் தார் மூவாயிரத்தைத் தாண்டும். அப்புறம் மைக்கில் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஞாயிறு அந்த பெஞ்ச் காலி. காணிக்கை யாருக்கு?

சாதி இன்னும் மோசம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். முந்நூறு வருடம் தாண்டியும், ஒரே ஞானஸ்நானம், ஒரே பந்தி என்று சொல்லிக்கொண்டே, கல்யாணப் பேச்சில் முதலில் சாதியைத்தான் விசாரிக்கிறோம். வசனம் ஒன்று சொல்லி, சாதி வேறு சொல்லும்போது சாதிக்குக் கீழ்ப்படிந்தால், நாம் கும்பிடுவது எதை?

இந்த வருடம் ஏலத்தில் பெயர் வாசிக்க வேண்டாம் என்று சபைக் கமிட்டியில் கேட்கப்போகிறேன். எங்கள் சபையார் யாராவது கூட நிற்பதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம்.