போன வருஷ வண்டி

டிசம்பர் பிறந்தாலே கார் ஷோரூம்காரர்களுக்கு வயிற்றில் புளி கரையும். யார்டில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் வங்கிக் கடனில் எடுத்தவை. விற்காத ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். ஜனவரி 1 வந்துவிட்டால் யாருமே ஓட்டாத வண்டியும் ‘போன வருஷ வண்டி’தான். நம்ம ஊரில் கூடுதல் சிக்கல், டிசம்பர் நடுவிலேயே மார்கழி வந்துவிடும். தள்ளுபடிக்காக புக் பண்ணுகிறவரும் “டெலிவரி தை பிறந்ததும் எடுத்துக்கிறோம்” என்பார்.

மீந்தவற்றுக்குத் தள்ளுபடி ஏறும், இன்சூரன்ஸ் இலவசமாகும். சில வண்டிகளை ஷோரூமே பதிவு செய்து யூஸ்டு கார் பக்கம் தள்ளிவிடும்.

2017 ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) வண்டிகளை விற்கக்கூடாது என்று மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுக்கக் கையிருப்பு 8 லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் டூவீலர். தள்ளுபடிக்காக பைக் ஷோரூம் வாசலில் ரேஷன் கடைக் கூட்டம்!

போன வருஷ வண்டியை, பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறவர் தாராளமாக வாங்கலாம். மூன்று வருஷத்தில் மாற்றுகிறவர் யோசிக்கணும். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருஷமும் இருக்கும், விற்கும்போது விலை அதை வைத்துத்தான் பேசப்படும்.

அப்புறம், டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 4724 என்றால் 2024-இன் 47-வது வாரம் செய்த டயர். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பேட்டரி சோர்ந்திருக்கும். பணம் கட்டும் முன்பே புது பேட்டரி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.