கோழி தின்ற எண்ணெய்

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொட்டகையில் 400 முட்டைக்கோழிகள் இருக்கின்றன. பங்குனி பிறந்தாலே அவற்றுக்குத் தீனி இறங்காது. நாளைக்கு 110 கிராம் தின்ற கோழி 90 கிராமில் நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் எண்ணெய் கலக்கிறோம். மாவுச்சத்தைவிட எண்ணெயில் இரண்டேகால் மடங்கு எரிசக்தி; செரிக்கும்போது உடம்புச் சூடும் அவ்வளவு ஏறாது. வழக்கமாக 100 கிலோ தீவனத்துக்கு 2 கிலோ சோயா எண்ணெய்.

போன கோடையில் சோயா விலை கட்டுப்படியாகவில்லை. எங்களுடையது கரிசல் காடு, பருத்திக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு மில்லில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. பருத்திப்பால் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாம் என்று யோசிக்காமல் கலந்துவிட்டேன்.

முட்டை எண்ணிக்கை குறையவில்லை, உடைத்துப் பார்த்தாலும் நன்றாகவே இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் மகள் வீட்டுக்குப் போன பக்கத்துத் தெரு அப்பத்தா ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பினார். ஃபிரிட்ஜில் வைத்துப்போன முட்டையை உடைத்தவர், கிண்ணத்தோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏ தாயி, வெள்ளைக்கரு ரோஸ் கலர்ல இருக்கு. இத எப்படிப் பேரனுக்குக் குடுக்கிறது?"

மஞ்சள் கரு களி மாதிரி இறுகியிருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

கால்நடை மருத்துவர் காரணம் சொன்னார். பருத்திக்கொட்டை எண்ணெயில் உள்ள ஒருவகைக் கொழுப்பு அமிலம், மஞ்சள் கருவைச் சுற்றிய சவ்வின் கட்டைத் தளர்த்திவிடுகிறது. உள்ளே இருக்கும் இரும்புச்சத்து கசிந்து, வெள்ளைக்கருவின் புரதத்தோடு சேர்ந்து ரோஸ் நிறமாகிறது. புது முட்டையில் தெரியாது, வைக்க வைக்கத்தான் தெரியும். எண்ணெயை நிறுத்தினாலும் மறுநாளே சரியாகாது. ஒரு மஞ்சள் கரு திரளவே பத்து நாள் ஆகிறதே. மூன்று வாரம் நாங்கள் முட்டை விற்கவில்லை. அந்த நஷ்டம் பெரிதுதான், ஆனால் பிள்ளைகள் தின்கிற பொருளில் வேறு வழியில்லை.

இப்போது சுத்திகரித்த தவிட்டு எண்ணெய்தான். டின்னைத் திறந்ததும் மோந்து பார்ப்பேன், காறல் வாடை துளி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அதோடு கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயும் சேர்க்கிறேன், முட்டையில் ஒமேகா 3 ஏறும். மீன் எண்ணெயும் அதைச் செய்யும், ஆனால் அளவு கூடினால் முட்டையே கவிச்சி அடிக்கும். எண்ணெய் கலந்த தீவனத்தை ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை.

அப்புறம், எண்ணெய் டின் மாறும்போதெல்லாம் நாலு முட்டையில் தேதி எழுதி எங்கள் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வைத்து உடைக்கிறேன். நேற்று உடைத்த நாலும் தெளிவாக இருந்தன.